பாகம் பிரிக்கப் பிறந்த கணக்கு: அல்-குவாரிஸ்மியின் வாழ்வும் நம் பிள்ளைகளின் தேர்வும்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த நேரம். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். கையில் நான்கு புதுப் பேனாக்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மார்ச்சில் பொதுத் தேர்வு, பேனாக்களில் ஓதி ஊதித் தர வேண்டும் என்றார். பேனாவில் ஊதுவதைவிடப் பிள்ளைக்காக அல்லாஹ்விடம் கையேந்துவதே மேல் என்று சொல்லி, அங்கேயே நின்று துஆச் செய்தோம்.

பிறகுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. மற்றப் பாடங்களில் பிள்ளை நன்றாகவே எழுதியிருக்கிறாள். கணக்கில் மட்டும் 90க்கு 22. அவளுக்குக் கணக்கு வராது, நம் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை, எப்படியாவது பாஸ் ஆகிவிட்டால் போதும், அப்புறம் ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்துவிடலாம் என்றார். வாசலில் வண்டியருகே அந்தப் பிள்ளை நின்றிருந்தாள். அத்தா சொன்னது அவள் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

வராது என்ற அந்தச் சொல் நமக்கும் பழக்கமானதுதான். பத்தாம் வகுப்பில் அதே சொல்லை நம்மைப் பற்றியும் சொன்னார்கள். நாமும் நம்பினோம். மதரஸாவில் சேர்ந்தபோது இனிக் கணக்குத் தொல்லை இல்லை என்று உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. பிற்பாடு தபால் வழியில் பட்டம் படித்தபோதும் கணக்கே இல்லாத கலைப் பாடமாகப் பார்த்துத்தான் எடுத்தோம். ஆனால் மதரஸாவில் பராயிள் பாடம் தொடங்கிய அன்று கணக்கு மறுபடியும் நம் முன் வந்து உட்கார்ந்தது. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு என்று உஸ்தாத் சொல்லிக்கொண்டே போக, பொதுப் பகுதி 24 என்பது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் விழித்தோம். அந்த விழிப்பின் வழியாகத்தான் அல்-குவாரிஸ்மி என்ற பெயர் நமக்கு அறிமுகமானது.

இயற்கணிதமும் நுண்கணிதமும் கண்டு அஞ்சும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அந்த மனிதரின் வாழ்வைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆமு தர்யா கரையிலிருந்து பாக்தாத் வரை

அவருடைய முழுப்பெயர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. ஏறத்தாழ கி.பி. 780ல் பிறந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். குவாரிஸ்ம் என்பது ஏரல் கடலுக்குத் தெற்கே, ஆமு தர்யா ஆறு பாயும் பகுதி. இன்று அது உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. அவரோ அவர் முன்னோரோ அங்கிருந்து வந்தவர்கள் என்பதையே அந்தப் பெயர் காட்டுகிறது. அவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் பாக்தாத்.

இமாம் தபரி (ரஹ்) தம் வரலாற்று நூலில் ஓரிடத்தில் அவர் பெயருடன் அல்-மஜூஸி என்ற அடைமொழியும் வருகிறது. இதை வைத்து அவர் நெருப்பு வணங்கும் மதத்தைச் சேர்ந்தவரோ என்று சிலர் கேட்டதுண்டு. அங்கே இரண்டு ஆட்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன, நடுவில் இருக்க வேண்டிய வாவ் என்ற ஒற்றை எழுத்து பிரதி எடுத்தவர் கையில் விடுபட்டுப் போனது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அவருடைய இயற்கணித நூல் அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குவதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரு எழுத்து விடுபட்டால் ஒரு மனிதரின் மார்க்கமே மாறிப்போகிறது. விடைத்தாளில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு மதிப்பெண் போனதே என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

பாக்தாத் அப்போது இளமையான நகரம். கலீஃபா மன்சூர் 762ல் அதற்கு அடிக்கல் நாட்டினார். மன்சூரின் அவைக்கு இந்தியாவிலிருந்து வானியல் நூல் ஒன்று வந்து அரபியில் பெயர்க்கப்பட்டது. ஹாரூன் ரஷீத் காலத்தில் யூக்ளிடின் வடிவியல் நூல் அரபிக்கு வந்தது. ஹாரூனின் மகன் மஃமூன் 813 முதல் 833 வரை ஆண்டார். அவர் காலத்தில் பைத்துல் ஹிக்மா என்ற அறிவு இல்லம் புகழ் பெற்றது. கிரேக்கம், பாரசீகம், சிரியாக், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் அறிவு அந்த நகரில் வந்து சேர்ந்தது. முஸ்லிம்களுடன் கிறிஸ்தவர்களும் பிற சமயத்தவரும் அங்கே கூடி உழைத்தார்கள். அந்தச் சூழலில் உருவானவர் அல்-குவாரிஸ்மி.

எளிய மக்களுக்காக ஒரு நூல்

மஃமூனின் ஆட்சிக் காலத்தில், சுமார் 820ல், அவர் ஒரு நூல் எழுதினார். அல்-ஜப்ர், அல்-முகாபலா என்ற இரண்டு கணக்கு முறைகளைப் பற்றிய சுருக்கமான நூல் என்பது அதன் பெயரின் பொருள். ஜப்ர் என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சரியாக்குதல். முறிந்த எலும்பைக் கட்டி ஒட்டவைப்பதற்கும் அரபியில் இதே சொல்தான். சமன்பாட்டில் கழிந்து நிற்கும் ஒன்றை மறுபக்கம் சேர்த்து முழுமையாக்குவது ஜப்ர். இரண்டு பக்கமும் ஒரே வகையாக உள்ளதை நேருக்கு நேர் வைத்துக் கழித்துவிடுவது முகாபலா. இந்த ஜப்ர்தான் லத்தீனுக்குப் போய் ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா ஆனது.

அந்நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் நோக்கம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மேதைகளுக்காக எழுதுவதாக அவர் சொல்லவில்லை. மக்கள் தம் வாரிசுரிமைப் பங்கிலும், வஸிய்யத்திலும், பாகப் பிரிவினையிலும், வழக்குகளிலும், வியாபாரத்திலும், நிலம் அளப்பதிலும், கால்வாய் வெட்டுவதிலும் ஓயாமல் தேடும் கணக்கை எளிதாகவும் பயனுள்ளதாகவும் தர விரும்புவதாகவே சொல்கிறார். இயற்கணிதம் என்ற பெயரைக் கேட்டாலே நடுங்கும் வீடுகளுக்கு இது ஆறுதலான செய்தி. அந்தத் துறைக்குப் பெயர் தந்த நூல் எளிய மக்களின் தேவைக்காக எழுதப்பட்டது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். இருபடிச் சமன்பாடுகளை முதலில் தீர்த்தவர் அவர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் அவற்றைத் தீர்த்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரம்மகுப்தர் அவற்றுக்கு விதி சொன்னார், பூஜ்ஜியத்துக்கும் எதிர்ம எண்களுக்கும்கூட விதி வகுத்தார். அல்-குவாரிஸ்மி செய்தது வேறு. சிதறிக் கிடந்த கணக்குகளை அவர் வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் வழி சொன்னார். அந்த வழி ஏன் சரி என்பதையும் படம் வரைந்து காட்டினார். அதனால்தான் அது தனியொரு துறையாக நின்றது.

ஆறு வகை, ஒரு சதுரம்

முதல் படியும் இரண்டாம் படியும் வரும் கணக்குகள் எத்தனை வந்தாலும் அவை எல்லாம் ஆறே வகைகளுக்குள் அடங்கிவிடும் என்று அவர் காட்டினார். எதிர்ம எண்களை அவர் பயன்படுத்தாததால் ஆறு வகைகள் தேவைப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் ஒரே சூத்திரத்தில் அத்தனையையும் தீர்த்துவிடுகிறார்கள். இன்னொரு வியப்பும் உண்டு. அந்த நூலில் எக்ஸ் இல்லை, ஒய் இல்லை, சமக்குறியும் இல்லை. கணக்குகளை அவர் சொற்களாலேயே எழுதினார். தெரியாத எண்ணுக்கு அவர் வைத்த பெயர் ஷைஉ, அதாவது ஒரு பொருள்.

அவர் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது. ஒரு எண்ணின் வர்க்கத்துடன் அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் எது? வழி இதுதான். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39 உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து அந்தப் பாதியான 5ஐக் கழித்தால் 3. சரி பார்க்கலாம்: மூன்றின் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, கூட்டினால் 39.

இத்துடன் விட்டிருந்தால் அது மனப்பாட விதியாகவே இருந்திருக்கும். அவர் ஒரு சதுரம் வரைகிறார். அதன் பக்கம்தான் தெரியாத எண். அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கங்களில் 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களை ஒட்டுகிறார். பத்து மடங்கு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்த பரப்பு 39. ஆனால் உருவம் முழுச் சதுரமாக இல்லை, ஒரு மூலை காலியாகக் கிடக்கிறது. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, பரப்பு 25. அதை நிரப்பியதும் 64 பரப்புள்ள பெரிய சதுரம் கிடைக்கிறது. அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐ எடுத்துவிட்டால் மீதி 3.

பள்ளிப் பாடப் புத்தகம் வர்க்கப் பூர்த்தி முறை என்று சொல்வது இதைத்தான். காலியாக இருந்த மூலையைப் பூர்த்தி செய்வதால்தான் அந்தப் பெயர். இந்தப் படத்தை ஒரு முறை கையால் வரைந்து பார்த்த பிள்ளை அந்தச் சூத்திரத்தைத் தேர்வு அறையில் மறக்காது. மறந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

பாதி நூல் பராயிளுக்கு

அல்-குவாரிஸ்மியின் நூலில் ஏறத்தாழ பாதி வாரிசுரிமை, வஸிய்யத் தொடர்பான கணக்குகள்தான். அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் யாருக்கு எத்தனை பங்கு என்று வகுத்துத் தந்துள்ளன. அந்தப் பங்கை ஒரு திர்ஹம்கூடப் பிசகாமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்றால் கணக்கு தெரிய வேண்டும். தவறினால் போவது மதிப்பெண் அல்ல, ஓர் அநாதையின் உரிமை, ஒரு விதவையின் உரிமை.

அந்தப் பகுதியின் தொடக்கத்தில் வரும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியார் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையில் இருப்பது 10 திர்ஹம். மகன்களில் ஒருவர் அவரிடம் 10 திர்ஹம் கடன் பட்டிருக்கிறார். இப்போது எப்படிப் பிரிப்பது?

சிக்கல் எங்கே என்றால், கடன்பட்ட மகனுக்கு வர வேண்டிய பங்கு எவ்வளவோ அவ்வளவு கடன் கழிந்துவிடும். அந்த அளவுதான் சொத்தில் சேரும். ஆனால் பங்கு எவ்வளவு என்று தெரிய, மொத்தச் சொத்து தெரிய வேண்டும். மொத்தச் சொத்து தெரிய, பங்கு தெரிய வேண்டும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அல்-குவாரிஸ்மி அமைதியாகக் கழியும் கடனுக்கு ஷைஉ என்று பெயர் வைக்கிறார். சொத்து, பத்தும் ஒரு ஷைஉம். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போகிறது. மீதியை இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரிக்கிறார். கடன்பட்ட மகனின் பங்கும் ஷைஉம் ஒன்றே என்று சமப்படுத்துகிறார். விடை 5 திர்ஹம்.

மதரஸாவில் இந்தக் கணக்கை முதன்முதலில் பார்த்தபோது ஒரு இரவு முழுவதும் அதோடு போராடினோம். அன்று மாலை பள்ளிவாசல் வாசலில் இதையே அந்தச் சகோதரரிடம் சொன்னோம். அவர் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். சற்று யோசித்தார். மூன்று பேருக்கும் சம பங்குதானே, ஒரு பங்கு ஏற்கெனவே கடனாக மகன் கையில் இருக்கிறது, கையிலுள்ள பத்து மற்ற இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஐந்து என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். வண்டியருகே நின்ற மகள் அதற்குள் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்திருந்தாள். மூன்று எக்ஸ் சமம் பத்தும் ஒரு எக்ஸும், ஆகவே எக்ஸ் 5. அத்தாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்தில் யாருக்கும் வராத கணக்கு இரண்டு பேருக்கும், இரண்டு வழியில், நம் கண் முன்னாலேயே வந்தது.

கற்றுக்கொள்ளக் கூச்சப்படாதவர்

அவருடைய மற்றொரு நூல் இந்திய எண்களைப் பற்றியது. ஒன்பது குறிகளையும் ஒரு சிறு வட்டத்தையும் வைத்து எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம், கூட்டலாம், பெருக்கலாம் என்று அதில் விளக்கினார். இது இந்தியர்களின் முறை என்பதை அவர் மறைக்கவில்லை. அரபி மூலம் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு லத்தீன் வடிவம் கிடைத்திருக்கிறது. அந்த லத்தீனில் அவர் பெயர் அல்கோரித்மி என்று திரிந்தது. கணினி உலகம் ஓயாமல் சொல்லும் அல்காரிதம் என்ற சொல் அந்தத் திரிபில் பிறந்தது.

இந்திய முறையைத் தழுவி வானியல் அட்டவணைகளும் தயாரித்தார். பூமியின் வடிவம் பற்றிய நூலில் 2400க்கும் மேற்பட்ட இடங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளைப் பட்டியலிட்டார். மத்தியதரைக் கடலின் நீளத்தைத் தாலமி மிகைப்படுத்திச் சொல்லியிருந்ததை அதில் திருத்தினார். யூதர்களின் நாட்காட்டி பற்றியும் ஒரு சிறு நூல் எழுதினார். யாரிடமிருந்து வந்தது என்று பார்த்து அறிவை ஒதுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பெற்றதை அப்படியே ஒப்பிக்கும் பழக்கமும் இல்லை.

அங்கிருந்து நுண்கணிதம் வரை

பிளஸ் டூ கணிதத்தில் இயற்கணிதத்தை விடவும் பிள்ளைகளை மிரட்டுவது நுண்கணிதம். அதை அல்-குவாரிஸ்மி கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது பொய். பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிக் கேரளத்தில் மாதவரும் அவர் வழிவந்தோரும் முடிவிலாத் தொடர்களைக் கண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை முழு வடிவில் நிறுவினார்கள். ஆனால் அல்-குவாரிஸ்மி போட்ட பாதையில் நடந்தவர்கள் அதன் வாசல் அருகே வரை போனார்கள்.

எகிப்தின் அபூ காமில் இயற்கணிதத்தை வளர்த்தார். 1048ல் பிறந்த உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, பரவளையம் போன்ற கூம்பு வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் விடை கண்டார். ஷரஃபுத்தீன் அத்தூஸி ஒரு முப்படிக் கோவை எந்த இடத்தில் பெரும மதிப்பை அடையும் என்று கண்டார். இன்று வகையீட்டைப் பூஜ்ஜியமாக்கிக் காணும் இடமும் அதுவே. இப்னுல் ஹைதம் பரவளையத்தைச் சுழற்றினால் கிடைக்கும் திண்மம் ஒன்றின் கன அளவை, நான்காம் படி வரையிலான கூடுதல்களைக் கொண்டு கணக்கிட்டார். இன்று அது தொகையீட்டின் பயன்பாடு என்ற பாடத்தில் வருகிறது. நம் பிள்ளைகள் புத்தகத்தில் அடுத்தடுத்த பாடங்களாகப் புரட்டுவது பல நூற்றாண்டு மனித உழைப்பு.

ஐம்பது ஆண்டும் பத்து நாளும்

அல்-குவாரிஸ்மியின் வாழ்வில் ஒரு சறுக்கலும் பதிவாகியிருக்கிறது. மஃமூனுக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் கலீஃபா வாஸிக். அவர் நோயில் படுத்தபோது நட்சத்திரம் பார்ப்பவர்களை அழைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அல்-குவாரிஸ்மியும் இருந்தார் என்று தபரி எழுதுகிறார். அடைமொழிச் சர்ச்சை எழுந்த இடமும் இதுதான். கலீஃபா இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழ்வார் என்று அவர்கள் கணித்தார்கள். பத்தே நாளில் கலீஃபா இறந்துபோனார். அது ஹிஜ்ரி 232, கி.பி. 847.

மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது. தெரிந்ததிலிருந்து தெரியாததைக் கண்டுபிடிக்க உலகுக்கே வழி சொன்னவர்கூட, ஒரு மனிதனின் நாளையைக் கணக்கிட்டபோது தோற்றுப்போனார். அப்படியிருக்க, பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து இதற்குக் கணக்கு வராது என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்? ஜோசியக்காரனிடம் போவதைக் குத்பாவில் கண்டிக்கிறோம். வீட்டுக்குள் நாமே பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்கிறோம். 22 என்பது நடந்த தேர்வின் கணக்கு. நடக்கப்போகும் தேர்வைப் பற்றி அது எதையும் முடிவு செய்யவில்லை.

ஏறத்தாழ 850ல் அல்-குவாரிஸ்மி காலமானார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1145ல், ஸ்பெயினின் செகோவியா நகரில் அவருடைய இயற்கணித நூல் லத்தீனுக்குப் போனது. ஐரோப்பா அதை வைத்துப் படித்தது. நாமோ அவர் பெயரைப் பெருமைக்கு மட்டும் சொல்லிக்கொண்டு அவர் கணக்கை விட்டுவிட்டோம்.

தேர்வுக்கு முன் செய்ய வேண்டியவை

பெருமை மதிப்பெண் தராது. அவர் வேலை செய்த முறையைப் பின்பற்றினால் பலன் உண்டு. அதை நம் பிள்ளைகளுக்குச் சில சொற்களில் சொல்லலாம்.

முதலில் வகை பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதத்தில் 12 பாடங்கள். அணிகளில் தொடங்கித் தனிநிலைக் கணிதத்தில் முடிகின்றன. பயிற்சிகளில் நூற்றுக்கணக்கான கணக்குகள் இருந்தாலும், ஒவ்வொரு பாடத்திலும் அடிப்படை வகைகள் சிலவே. அவற்றை ஒரு தாளில் எழுதி, எந்த வகை கைவருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். கணக்கே வராது என்பது, இந்த மூன்று வகை வரவில்லை என்று சுருங்கிவிடும். அந்த மூன்றை ஆசிரியரிடம் கொண்டுபோகலாம்.

அடுத்து, தீர்த்த கணக்கை வாயால் சொல்ல வேண்டும். அல்-குவாரிஸ்மி குறிகளே இல்லாமல் சொற்களால் எழுதியது போல, இந்த அடியில் ஏன் கழித்தேன், இங்கே ஏன் வகையிட்டேன் என்று பிள்ளை உம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லட்டும். கேட்பவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்ல முடியாமல் நிற்கும் இடம்தான் புரியாத இடம்.

மூன்றாவது, படம். பரப்பு, கன அளவு, பெருமம், சிறுமம் என்று எது கேட்டாலும் முதலில் வளைவை வரைந்துவிட்டுத் தொடங்கட்டும். பாதித் தவறுகள் படத்திலேயே தெரிந்துவிடும்.

நான்காவது, ஒவ்வொரு அடியையும் எழுத வேண்டும். 90 மதிப்பெண் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டும் 35. அவற்றில் விடை தவறினாலும் சரியான அடிகளுக்கு மதிப்பெண் உண்டு. கிடைத்த விடையை மறுபடி கணக்கில் போட்டுச் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. வராது என்ற சொல்லை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். இஷாவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்து, அரை மணி நேரம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். கணக்கு சொல்லித் தர வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்கிறோம். பராயிளில் மகளுக்கு அல்லாஹ் பங்கு வைத்திருக்கிறான். அந்தப் பங்கைக் கணக்கிடும் அறிவு அவளுக்கு எதற்கு என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்தச் சகோதரர் பிப்ரவரியில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் மறுபடி வந்தார். இம்முறை கையில் பேனாக்கள் இல்லை. முதல் திருப்புதல் தேர்வில் 38 வந்திருந்தது. பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் தினமும் இரவு கடையை அடைத்துவிட்டு வந்து மகள் சொல்லும் கணக்கைக் கேட்கிறேன், நேற்று ஒரு இடத்தில் அவள் தவறை நானே பிடித்தேன் என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, நம் நெஞ்சை நிறைத்தது. தம் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டை இன்னும் பிரிக்கவில்லை, சகோதரிகளுக்குப் பங்கு கொடுக்காமல் நாள் கடத்திவிட்டோம், தேர்வு முடிந்ததும் மகளை வைத்தே கணக்குப் போட்டு உங்களிடம் கொண்டு வருகிறேன் என்றும் சொன்னார்.

அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறோம். பராயிளில் அவள் போடும் கணக்கை நாம் சரிபார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பொதுத் தேர்வு எழுதப்போகும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள அறிவையும் தெளிவான சிந்தனையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.